கன்னு போட்டாச்சு... அப்புறம்?

"மார்கழி கடைசியிலிருந்து தை முடிவதற்குள் எங்கள் வீட்டில் நாலு பிரசவம்!" என்று ஒரு கல்யாண வீட்டில் நான் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் விளக்கினேன். ஒன்று என் மகளுக்கு. மற்ற மூன்றும் கட்டுத்தரையில்!

கோபிசெட்டிபாளையம் பக்கம், கொடிவேரி அணையிலிருந்து வரும் வாய்க்கால் பாயும் ஊர் எங்களுடையது. ஒன்றரை ஏக்கர் நிலம், நாலு மாடு. நிலத்தை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். கட்டுத்தரை என் பொறுப்பு. பத்தாவது வரை படித்து, பத்தொன்பது வயதில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி என் மாமியார் சொல்லிக் கொடுத்தது. மீதி, மாடுகளே சொல்லிக் கொடுத்தது.

போன பங்குனி, சித்திரையில் கோடை மழை நல்லதாக இரண்டு பெய்தது. வரப்பெல்லாம் புல் தழைத்தது. பசும்புல் தின்ற மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பருவத்துக்கு வந்தன. மூன்றுக்கும் சினை ஊசி போட்டோம். பசு மாட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஊசி போட்ட தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வைப்பது என் வழக்கம். ஏப்ரல் 24-ல் ஊசி என்றால் ஜனவரி 29-ஐ ஒட்டிக் கன்று. நாலைந்து நாள் முன்னே பின்னே ஆகலாம். இப்படிக் கணக்குப் போட்டதில் மூன்று மாடும் தை மாதத்திலேயே வந்து நின்றன. அதே காலண்டரில், தலைப் பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளின் தேதியும்!

மாடு வளர்ப்பது எப்படி என்று பாடம் நடத்த நான் இதை எழுதவில்லை, சகோதரிகளே. பிரசவம் என்றால் குழந்தை வெளியே வருகிற வரைதான் நமக்கெல்லாம் பதைப்பு. வந்ததும் "அப்பாடா!" என்று உட்கார்ந்துவிடுகிறோம். அப்படி உட்கார்ந்ததால் ஒரு கன்றைப் பறிகொடுத்தவள் நான். இந்தத் தடவை ஒரு மாட்டையும் பறிகொடுக்கப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு கன்று போன கதை

2021 ஐப்பசியில் எங்கள் லட்சுமி கிடேரிக் கன்று போட்டாள். லட்சுமி ஜெர்சிக் கலப்பு. வேளைக்கு ஏழு லிட்டர் கறப்பவள். அவள் வயிற்றில் கிடேரி என்றால் கேட்க வேண்டுமா! வீடே சந்தோஷப்பட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கன்று போட்ட மாட்டுக்குக் கொடி விழுந்த பிறகுதான் மடியில் கை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் கன்றுக்குப் பால் காட்டக்கூடாது. காட்டினால் கொடி உள்ளேயே தங்கிவிடும் என்பார்கள். காலை ஏழு மணிக்குப் பிறந்த கன்று. கொடி விழுந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. அது வரைக்கும் கன்று மடியைத் தேடித் தேடி முட்டியது. நான் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தள்ளிக் கட்டினேன். அப்புறம் குடிக்க விட்டபோது, அதற்கு உறிஞ்சத் தெம்பில்லை. கொஞ்சம் சப்பிவிட்டுப் படுத்துக்கொண்டது. மீதிச் சீம்பாலைக் கறந்து, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்து விட்டேன்.

ஐந்தாம் நாள் கழிச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் விடிகாலையில் போய்ப் பார்க்கிறேன், விறைத்துக் கிடக்கிறது. லட்சுமி அதை நக்கிக்கொண்டே நின்றாள். அந்த வாரம் முழுக்க அவள் பால் கறக்கவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

கால்நடை டாக்டர் அப்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "பொறந்து எவ்வளவு நேரத்துல அம்மா பால் குடுத்தீங்க?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். "மனுஷக் குழந்தைக்கு, வயித்துல இருக்கும்போதே தாயோட ரத்தத்துல இருந்து நோய் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் போயிடும். மாட்டுக்கு அப்படி இல்லை. நஞ்சுக்கொடி வழியா அது போகாது. கன்னு வெறுங்கையோடதான் பூமிக்கு வருது. அதுக்கு வேண்டிய அத்தனையும் சீம்பாலில்தான் இருக்கு. அதை அப்படியே ரத்தத்துல ஏத்திக்கிறதுக்குக் கன்னோட குடல் முதல் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். நேரம் ஆக ஆக மூடிக்கிட்டே வரும். ஒரு நாள் முடிஞ்சா மூடியே போயிடும். அப்புறம் குடம் குடமாக் குடுத்தாலும் அது வெறும் பால்தான்."

அந்தக் கன்றைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியது இந்தக் கைதானே என்று அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

மகளுக்குப் பிரசவம்

இந்த வருஷத்துக்கு வருகிறேன். மார்கழி கடைசியில் மகளுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆண் குழந்தை. சுகப் பிரசவம். குழந்தையைத் துடைத்த கையோடு நர்ஸ் அதைத் தாயின் மார்பில் போட்டுவிட்டார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்லுகிற விதி. சிசேரியன் ஆனாலும் தாயும் பிள்ளையும் நல்லபடி இருந்தால் இதேதான்.

என் மாமியார் வீட்டிலிருந்து சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொண்டுவந்திருந்தார், சேனை வைப்பதற்கு. "ராசியான கை யாராவது தொட்டு வைக்கோணும்" என்பது அவர் ஆசை. நர்ஸ் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பாட்டி, இதை நீங்க குடிச்சுடுங்க. குழந்தைக்கு ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர வேற ஒண்ணும் வேண்டாம். தண்ணிகூட வேண்டாம்" என்றார். மாமியாருக்கு முகம் சுண்டிப்போச்சு. ஆனால் பேசவில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வருகிறதே, "பாலே இல்லை" என்று நாம் பயப்படுகிறோமே, அதுதான் பெண்களின் சீம்பால். பிறந்த குழந்தையின் வயிறு அவ்வளவு சின்னது. அதற்கு அந்தச் சொட்டு போதும். குழந்தை அடிக்கடி சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் ஒன்றும் வேண்டாம். தேனை ஒரு வயது வரைக்கும் நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் கைக்குழந்தைக்கு ஆகாத கிருமி இருக்கக்கூடும்.

மயிலை யாரையும் கேட்கவில்லை

கட்டுத்தரையில் முதல் முறை மயிலைக்கு. மயிலை எங்கள் ஊர்ப் பக்கத்துக் காங்கேயம் மாடு. பால் வேளைக்கு ஒன்றரை லிட்டர்தான். ஆனால் வைராக்கியம் ஜாஸ்தி. காணும் பொங்கலன்று நானும் அவரும் கொடிவேரிக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பினோம். மாமியார் கட்டுத்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க அந்தப் பக்கம் போனீங்க, இவ இந்தப் பக்கம் போட்டுட்டா!" என்றார்.

கன்று எழுந்து நின்று, வாலை ஆட்டிக்கொண்டு மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. பிறந்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லையாம். மயிலையின் பின்னால் கொடி இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் போனால் கொம்பை ஆட்டுகிற மாடு அது. யார் போய்க் கன்றை விலக்குவது? ஒரு மணி நேரத்தில் கொடியும் தானாக விழுந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம்.

சிட்டுவின் தலைச்சன்

அடுத்தது சிட்டு. முதல் ஈத்துக் கிடேரி. ஒரு வாரம் முன்பே அவளுக்கு வேண்டியதை ஒரு கூடையில் எடுத்து வைத்துவிட்டேன். டிஞ்சர் அயோடின், வெந்நீரில் போட்டெடுத்த நூல், புது பிளேடு, ரப்பர் கையுறை, துவைத்துக் காயவைத்த சாக்கு, டார்ச் லைட். டாக்டரின் போன் நம்பரைச் சுவரில் கரியால் எழுதியும் வைத்தேன். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். உங்கள் பக்கம் எந்த நேரத்தில் வரும் என்பதை முன்னாடியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் நெருங்கினால் மாடு நமக்குச் சொல்லிவிடும். மடி இறங்கும். வால் முளைக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் குழி விழும். பின்னால் கண்ணாடி போலச் சளி தொங்கும். தீனி தின்னாமல், படுப்பதும் எழுவதும் வயிற்றைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருக்கும்.

ஜனவரி 31-ஆம் தேதி மத்தியானம் சிட்டு அப்படித்தான் இருந்தாள். ஆறு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. இரண்டு முன்னங்கால் குளம்புகள் தெரிந்தன. அதற்கு மேல் நகரவில்லை. என் வீட்டுக்காரர் கயிறு எடுத்துவிட்டார். "நாலு பேரைக் கூப்பிட்டு இழுத்துடலாம்" என்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு முன்னங்காலும், அதுக்கு மேல மூக்கும் தெரியுதாம்மா?"

கையுறை போட்டுக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். மூக்கு தட்டுப்பட்டது.

"அப்ப சரியாத்தான் வருது. தலைச்சன் மாடு, நேரம் எடுக்கும். அது முக்கும்போது மட்டும் கூடவே மெதுவாக் கீழ்ப்பக்கமா இழுங்க. முக்காதப்போ இழுக்காதீங்க. ஒரு மணி நேரத்துல நகரலேன்னா நான் வந்துடறேன். ஒரே கால்தான் தெரியுது, இல்லே வால் தெரியுதுன்னா கையே வெக்காதீங்க."

ஏழேகால் மணிக்குக் கன்று விழுந்தது. கிடேரி! மூக்கிலும் வாயிலும் இருந்த சளியைத் துடைத்து, சாக்கால் முதுகை நன்றாகத் தேய்த்தோம். தும்மி மூச்சு விட்டது. தொப்புள்கொடியை இரண்டு விரற்கடை விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, டிஞ்சரில் நனைத்தேன். ஈரத் தொப்புள் வழியாகத்தான் கிருமி ஏறி, பிற்பாடு கன்றுக்கு மூட்டு வீங்குகிறது.

இனிமேல்தான் பரீட்சை. சிட்டுவுக்குக் கொடி விழவில்லை. எட்டு மணி ஆச்சு. கன்று தள்ளாடித் தள்ளாடி எழுந்து, சுவரையும் என் சேலையையும் முட்டிப் பால் தேடியது.

"கொடி விழட்டும் அம்மிணி" என்றார் மாமியார்.

எனக்கு அந்த ஐப்பசிக் கன்று கண் முன்னால் வந்து நின்றது. இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் மாமியார் சொல்லை நான் தட்டியதில்லை. நாக்கு உலர்ந்துபோனது. "அத்தை, மயிலைக் கன்னு காத்திருக்கலைங்களே" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வெந்நீரில் மடியைக் கழுவினேன். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சைத் தரையில் விட்டுவிட்டு, கன்றின் வாயில் காம்பை எடுத்து வைத்தேன். சர்ர்... சர்ர்... என்று உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மாமியார் விருட்டென்று உள்ளே போய்விட்டார். ராத்திரி சாப்பிடவும் இல்லை.

பால் குடித்தால் கொடி தங்கிவிடும் என்பது தலைகீழ். கன்று சப்பும்போது மாட்டின் உடம்பில் ஆக்ஸிடோசின் என்ற ஒரு சுரப்பு ஊறுகிறது. அதுதான் பாலை இறக்குகிறது. அதுவேதான் கருப்பையையும் சுருங்க வைத்துக் கொடியைத் தள்ளுகிறது. பெண்களுக்கும் இப்படியே. குழந்தை பிறந்தவுடனே பால் கொடுத்தால் கருப்பை சுருங்கி ரத்தப்போக்கு குறையும்.

பத்தரை மணிக்குச் சிட்டுவுக்குக் கொடி விழுந்தது. அது வரைக்கும் நான் சாமி கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்லவில்லை! பன்னிரண்டு மணி நேரம் வரை காத்திருக்கலாம். அதற்கு மேலும் விழாவிட்டால் டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும். கையால் இழுப்பதோ, செருப்பையோ கல்லையோ கட்டித் தொங்கவிடுவதோ கூடாது. பாதி அறுந்து உள்ளே நின்று அழுகினால் மாடே போய்விடும்.

விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பால் மரத்தில் கட்டினால் பால் பெருகும் என்று நம்பிக்கை. நாய் இழுக்காமல் இருக்க அந்தக் காலத்தில் அது நல்ல யோசனைதான். ஆனால் டாக்டர் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லியிருந்தார். புருசெல்லா என்ற ஒரு கிருமி உண்டு. மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்குவது. கொடி, பனிக்குட நீர் வழியாக மனிதர்களுக்கும் தொற்றி, விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் கொடுக்கும். ஆகையால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் அந்த நேரம் கட்டுத்தரைப் பக்கமே வர வேண்டாம். பாலை எப்போதும் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். நாலு மாதம் முதல் எட்டு மாதத்துக்குள் கிடேரிக் கன்றுகளுக்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 2019-ல் ஆரம்பித்த மத்திய அரசுத் திட்டத்தில் இலவசமாகப் போடுகிறார்கள்.

நாங்கள் கொடியைப் புதைத்துவிட்டோம். மறுநாள் பார்த்தால், ஆலமரத்தில் ஒரு வைக்கோல் பொட்டலம் தொங்குகிறது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் வைக்கோல்தான். மாமியாரின் மனசுக்கு!

காது சில்லுனு இருக்குது

கடைசியாக லட்சுமி. இது அவளுக்கு ஐந்தாவது ஈத்து. போன தடவை கன்றைப் பறிகொடுத்த பாவத்துக்குப் பரிகாரம் செய்வதுபோல் இவளை விழுந்து விழுந்து கவனித்தேன். டிசம்பரிலேயே பால் வற்றவைத்தாச்சு. (கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு கறவையை நிறுத்தி, மாட்டுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.) அன்றிலிருந்து தினமும் கால்சியம் டானிக். யாரும் சொல்லவில்லை. நானாகக் கடையில் வாங்கி வந்து ஊற்றினேன். எலும்புக்கு நல்லது, பாலுக்கு நல்லது என்று நினைப்பு.

பிப்ரவரி 11-ஆம் தேதி காலையில் ஒரு கஷ்டமும் இல்லாமல் காளைக் கன்று போட்டாள். அரை மணியில் கன்று சீம்பால் குடித்தது. கொடியும் விழுந்தது. மாமியார் இந்தத் தடவை ஒன்றும் தடுக்கவில்லை. மடி பாறையாக இருக்கிறதே என்று அன்று இரண்டு வேளையும் ஒட்டக் கறந்தேன். எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். மாமியார் என்னைத் தட்டி எழுப்பினார். "அம்மிணி, எந்திரி. லட்சுமி சரியில்லை. காது சில்லுனு இருக்குது."

வயசானவர், தூக்கம் வராமல் எழுந்தவர், கட்டுத்தரைக்குப் போய் லட்சுமியின் காதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஓடினேன். லட்சுமி படுத்திருந்தாள். கழுத்தை மடக்கி, தலையை விலாப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. தட்டி எழுப்பினால் எழவில்லை. மூக்கு காய்ந்திருந்தது. காது ஐஸ் மாதிரி.

டாக்டருக்குப் போன். "பால் காய்ச்சல்மா. உடனே வரேன். சாயாம நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் மூட்டை அண்டக் குடுங்க. வாயில மட்டும் ஒண்ணுமே ஊத்தாதீங்க. இப்ப அதுக்கு முழுங்கற சக்தி இருக்காது. நுரையீரலுக்குப் போயிடும்."

அதற்குள் என் வீட்டுக்காரர் மருந்து புகட்டும் மூங்கில் குழாயில் இஞ்சிக் கஷாயத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். நான் தடுப்பதற்குள் மாமியாரே சொன்னார்: "வேண்டாம்டா. டாக்டரு வேண்டாங்கறாரல்லொ."

தவிட்டு மூட்டை, புண்ணாக்கு மூட்டை எல்லாம் இழுத்து வந்து முட்டுக் கொடுத்தோம். மூன்றேகாலுக்கு டாக்டர் வந்தார். கழுத்து நரம்பில் ஊசி குத்தி, கால்சியம் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். சொட்டுச் சொட்டாக, மிக மெதுவாக ஏற்றினார். ஒரு கையில் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தபடியே இருந்தார். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடுமாம். இதைப் பார்த்துவிட்டு யாரும் தாங்களே ஊசி போடக் கிளம்பிவிட வேண்டாம்.

பாட்டில் முடிகிற சமயம் லட்சுமியின் உடம்பு நடுங்கியது. பெரிதாக ஓர் ஏப்பம் விட்டாள். சாணி போட்டாள். கொஞ்ச நேரத்தில் பின்னங்காலை ஊன்றி, எழுந்து நின்றேவிட்டாள்! எழுந்ததும் முதல் காரியமாகக் கன்றைப் பார்த்து "ம்மா..." என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெயர்தான் பால் காய்ச்சல். உடம்பில் காய்ச்சலே இருக்காது, குளிர்ந்துதான் போகும். கன்று போட்டதும் மடியில் திடீரென்று பால் சுரக்க ஏராளமான கால்சியம் வேண்டும். ரத்தத்தில் உள்ளதெல்லாம் மடிக்குப் போய்விட, மாடு விழுந்துவிடுகிறது. நிறையக் கறக்கிற மாடு, மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்ட மாடு, அதிலும் ஜெர்சி இனம் என்றால் ஜாஸ்தி. பெரும்பாலும் முதல் மூன்று நாளைக்குள் வரும்.

"சினையா இருக்கிறப்போ கால்சியம் ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

"தினமும் குடுத்தனுங்க டாக்டர்!" என்றேன் பெருமையாக.

"அங்கதாம்மா தப்பு" என்றார். "தினமும் வெளியில இருந்து வந்துக்கிட்டே இருந்தா, எலும்புல இருக்கிற கால்சியத்தை எடுத்துக்கிற பழக்கம் உடம்புக்கு மறந்துடும். திடீர்னு தேவைப்படறப்போ எடுக்கத் தெரியாது. வத்துக் கறவையில டானிக் வேண்டாம். கன்னு போட்ட பிறகு குடுங்க. அடுத்த ரெண்டு நாளைக்கு மடியை ஒட்டக் கறக்காதீங்க."

பாசத்தில் செய்தது. ஆனால் கேட்காமல் செய்தது. (ஒன்று சொல்லிவிடுகிறேன். இது கறவை மாட்டு விஷயம். இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிப் பெண்கள் டாக்டர் கொடுத்த கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். அவை உங்களுக்கு அவசியம்.)

தாயையும் பாருங்கள்

அந்த ராத்திரி எனக்கு உறைத்தது இதுதான். போன தடவை கன்றை மறந்தேன். இந்தத் தடவை கன்றையே பார்த்துக்கொண்டிருந்து தாயை மறந்தேன். நம் வீடுகளிலும் இது நடக்கிறது. குழந்தை யார் ஜாடை, என்ன நட்சத்திரம் என்று எல்லாரும் தொட்டிலைச் சுற்றி நிற்பார்கள். பெற்றவள் மூலையில் படுத்திருப்பாள். பிரசவமான முதல் 24 மணி நேரம்தான் ரத்தப்போக்கு ஆபத்து அதிகம். துணி சீக்கிரம் சீக்கிரமாக நனைந்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, மயக்கமாக வந்தாலோ "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்று சொல்லாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் ஒருவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். லட்சுமியின் காதைத் தொட ஒரு கை இருந்தது போல.

சீம்பால் சாப்பிடவே கூடாதா என்று கேட்காதீர்கள்! 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது போக வேண்டும், எடையில் பத்தில் ஒரு பங்கு. அதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே போய்விட வேண்டும்; முதல் தடவை ஒரு மணி நேரத்துக்குள். கன்று வயிறார குடித்தது போக, மறுநாள் மிஞ்சுவது நமக்கு. நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தால் பால்கோவா தோற்றது. லட்சுமி தேறிய பிறகு, சிட்டுவின் சீம்பாலில் செய்ய முடியாமல் போனதை இவளுடையதில் செய்தேன்.

முதல் துண்டை மாமியாரிடம் நீட்டினேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, திண்ணையில் பால் குடித்துக்கொண்டிருந்த பேரன் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க காலத்துல மூணு நாளைக்குத் தாய்ப்பாலே குடுக்க மாட்டோம் அம்மிணி. சீம்பால் ஆகாதுன்னு பீச்சிச் செடிக்கு ஊத்திப் போடுவோம். சர்க்கரைத் தண்ணிதான். என்ற மொதப் புள்ளை பதினோரு நாள் இருந்துச்சு" என்றார்.

இருபத்தைந்து வருஷத்தில் அவர் அந்தப் பிள்ளையைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எதனால் போயிற்று என்று யாருக்குத் தெரியும்? நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்தார். "சிட்டு கன்னு குடிச்சுதான்னு பார்த்துட்டு வர்றேன்" என்று கட்டுத்தரைக்குப் போனார். போகிற வழியில் லட்சுமியின் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இளஞ்சூடா இருக்குது" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.